அம்மாயியின் பெயரோடு மணிலா ஆலயத்துக்கு

எங்கள் குடும்பம் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் சேர்வதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அம்மாவின் அம்மாவான அம்மாயி காலமாகிவிட்டார். கோவையில் தையல் மெஷினை மிதித்து எங்களை வளர்த்த அம்மாவுக்கு வேறு குறைகள் வந்து போயினவே தவிர, தன்னைப் பெற்றவளுக்கு ஞானஸ்நானம் கிடைக்கவில்லையே என்ற குறை மட்டும் போகவில்லை. இறந்தவருக்காக உயிரோடு இருப்பவர் ஒருவர் அவர் சார்பில் ஞானஸ்நானம் பெறலாம் என்பது எங்கள் விசுவாசம். ஆனால் அதைச் சபைக் கூடத்தில் அல்ல, ஆலயத்தில்தான் செய்ய முடியும். ஆலயம் இருந்த ஊர்களோ கடலுக்கு அப்பால் இருந்தன. எங்கள் சபையின் மூத்தவர்கள் வருடக்கணக்கில் காசு சேர்த்து ஹாங்காங் போய்வந்த கதைகளை ஒவ்வொரு உபவாச ஞாயிறன்றும் கேட்டுக் கேட்டு, "நமக்கெல்லாம் அது கிடைக்குமா" என்று பெருமூச்சு விடுவதே அம்மாவின் வழக்கமாக இருந்தது. ஆகவே, பெங்களூரு மிஷனில் 18 மாதம் ஊழியம் செய்ய வேண்டும், அதற்குமுன் பிலிப்பைன்ஸில் பயிற்சி பெற வேண்டும் என்று எனக்கு அழைப்புக் கடிதம் வந்தபோது, அம்மா மணிலா என்ற பெயரைத் தாண்டி ஒரு வரிகூடப் படிக்கவில்லை. "அம்மாயிய நீதான் கூட்டிட்டுப் போகோணும், கண்ணு" என்றார். அன்றே அதற்காக உபவாசமும் தொடங்கிவிட்டார்.

பெயரை எடுத்துப்போவது அத்தனை எளிதாக இல்லை. அம்மாயிக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ரேஷன் கார்டு ஒரு வயதைச் சொன்னது. வாக்காளர் அட்டை வேறொரு வயதைச் சொன்னது. தாராபுரத்தில் இருக்கும் உறவினர்களைக் கேட்டால், பஞ்சம் முடிந்து மழை பெய்த வருஷம் என்றார்கள். கடைசியில் உத்தேசமாக ஓர் ஆண்டைக் குறித்துப் பதிவு செய்தோம். பிறந்து 110 ஆண்டுகள் ஆகாதவர்களுக்கு மிக நெருங்கிய உறவின் சம்மதம் வேண்டும் என்பது விதி. மகள் என்ற முறையில் அம்மாவே சம்மதம் கொடுத்தார். அம்மாவின் அக்கா ஒருத்தி மூன்று வயதில் அம்மை கண்டு இறந்திருந்தாள். அவள் பெயரையும் எழுதப்போன அம்மாவை எங்கள் ஆயர் தடுத்து, எட்டு வயதுக்குள் போய்விட்ட குழந்தைக்கு ஞானஸ்நானமே தேவையில்லை, அவள் ஏற்கெனவே பரலோக பிதாவிடம் பத்திரமாக இருக்கிறாள், பெற்றோரோடு முத்திரிக்கப்படுவது, அதாவது நித்தியத்துக்கும் ஒரே குடும்பமாக இணைக்கப்படுவது மட்டும்தான் பாக்கி என்றார். அம்மா அன்று அழுத அழுகையில் துக்கம் பாதி, ஆறுதல் பாதி.

அம்மாயி மருதமலைக்குப் பால்குடம் எடுத்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் பெயரில் நாங்கள் இதைச் செய்வது சரியா என்று உறவுக்காரர்கள் சிலர் கேட்டார்கள். நாம் இங்கே செய்வதை ஏற்பதும் மறுப்பதும் மறுவுலகில் அவருடைய விருப்பம்தான். வேண்டாம் என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடக்கூடிய மனுஷி அவர். அந்தக் கவலை எங்களுக்கு இல்லை.

பாஸ்போர்ட்டுக்காக அலைந்தபோது, இரண்டே நாளில் முடித்துத் தருவதாக ஒரு தரகர் அம்மாவிடம் பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போனார். எத்தனை ரவிக்கை தைத்துச் சேர்த்த காசு என்று அவருக்குத் தெரிந்திருக்காது. மணிலாவில் இறங்கியதும் அதே இனத்தைச் சேர்ந்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள். பயிற்சி மையத்தின் வேன் நெரிசலில் சிக்கித் தாமதமாக, வாசலில் நின்ற எங்களை டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் பெட்டியைப் பிடித்து இழுத்தார்கள். என்னோடு வந்து சேர்ந்த இன்னொரு சகோதரியின் பெட்டியைப் பத்தடி தள்ளிக்கொண்டுபோன ஒருவர், அதற்குக் கூலி கேட்டுச் சத்தம் போட்டு வாங்கிக்கொண்டே நகர்ந்தார். ஊழியத்தின் முதல் நாளிலேயே கோபப்படக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பயிற்சி மையம் கேசோன் நகரத்தில், ஆலயத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. காலை ஆறரைக்கு எழ வேண்டும், இரவு பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டும். இடையிலுள்ள நேரமெல்லாம் வேதம், வகுப்பு, போதிக்கும் பயிற்சி, ஜெபம். துணை ஊழியக்காரியை விட்டுத் தனியே எங்கும் போகக் கூடாது. எனக்கு வாய்த்த துணை லெய்ட்டே தீவைச் சேர்ந்தவள். நான் குழம்புக்கு ஏங்குவதைப் பார்த்துவிட்டு, புளி ஊற்றிக் காய்ச்சும் சினிகாங் வந்த நாளில் தன் கிண்ணத்தையும் என் பக்கம் நகர்த்தினாள். அங்கே யாரும் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது என்பதால் கறுப்புப் பெயர்ப்பட்டையில் அப்பாவின் பெயரே ஏறியது, அதன் கீழே மீட்பரின் பெயர். சபையின் பக்கமே எட்டிப்பார்க்காத அப்பாவின் பெயரைச் சொல்லி ஒரு கூட்டமே என்னை நாள் முழுவதும் அழைத்துக்கொண்டிருந்ததை வாராந்தரத் தொலைபேசி அழைப்பில் சொன்னபோது, அவர் சிரித்துக்கொண்டே, "பேரக் கெடுத்துறாத சாமி" என்றார்.

போதிக்கும் பயிற்சி எனக்குப் பெரும் பாடாக இருந்தது. வகுப்பெல்லாம் ஆங்கிலத்தில், மனத்தில் இருப்பது வாய்க்கு வராது. சோர்ந்து உட்கார்ந்த ஒரு மாலையில் எங்கள் ஊர் பால் திருத்துவதாஸை நினைத்துக்கொண்டேன். 1950களில் ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டுச் சபைத் தலைமைக்குக் கடிதம் எழுதிய கோவைக்காரர் அவர். ஊழியக்காரர் எவரும் இல்லாத ஊரில் கடிதமும் புத்தகமுமாகவே விசுவாசத்தைக் காப்பாற்றிக்கொண்டு காத்திருந்தவருக்கு 1965-இல்தான் ஞானஸ்நானம் கிடைத்தது. அத்தனை ஆண்டு காத்திருந்தவரின் ஊரில் பிறந்துவிட்டு, ஆங்கிலம் வரவில்லை என்று நான் அழுவது எனக்கே பிடிக்கவில்லை. அன்றிரவு முழங்கால்படியிட்டபோது அவரவர் தாய்மொழியில் ஜெபிக்கலாம் என்றார்கள். வந்த நாள்முதல் அடைத்துக்கொண்டிருந்த தொண்டை தமிழில் திறந்தது.

ஆலயத்தை 1984 செப்டம்பரில், அப்போது சபைத் தலைமையில் இருந்த கார்டன் பி. ஹிங்க்லி அர்ப்பணித்தார். பிலிப்பைன்ஸின் முதல் ஆலயம் அதுதான். 2010-இல் செபுவில் இன்னொன்று வரும்வரை நாடு முழுவதும் இங்கேதான் வந்தாக வேண்டியிருந்தது. தன் தாத்தாவும் பாட்டியும் கப்பலிலும் பஸ்ஸிலுமாக வந்து சேர்ந்ததைத் துணை சொல்லியிருக்கிறாள். சொந்த வேலைகளுக்கென்று வாரம் ஒருமுறை விடும் தயாரிப்பு நாட்களில் முதலாவதில், ஈரோட்டுச் சந்தையில் வாங்கிய வெள்ளை பாப்ளினில் அம்மா தைத்துக்கொடுத்த உடையை உடுத்தி, எனக்குரிய நியமங்களை, அதாவது ஆலயச் சடங்குகளைப் பெற்றேன். அதைப் பற்றி எழுதும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

அடுத்த முறை அம்மாயியின் பெயர் எழுதிய ஆலய அட்டையோடு போனோம். அன்று எங்கிருந்தோ பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்திருந்தார்கள். புல்வெளி முழுவதும் மணமக்களும் அவர்களைப் படம் எடுப்போரும் நின்றுகொண்டு நடைபாதையை மறித்தார்கள்; உள்ளே ஞானஸ்நான அறை வாசலில் வெள்ளுடை அணிந்த பிள்ளைகள் பெஞ்சுகொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கோ குறித்த நேரத்துக்குள் மையத்துக்குத் திரும்பியாக வேண்டும். வரிசை நகரும் வேகத்தைப் பார்த்து, இத்தனை தூரம் வந்தும் இன்று நடக்காதோ என்று மனம் பதைத்தது. என் முகத்தைப் பார்த்த வயதான பணியாளர் அம்மா ஒருவர் அட்டையை வாங்கிப் படித்தார், "உன் பாட்டியா?" என்று கேட்டார், பிறகு அந்தப் பிள்ளைகளிடம் தகாலோக்கில் ஏதோ சொன்னார். அவர்கள் அத்தனை பேரும் காலை மடக்கிக்கொண்டு எங்களுக்கு வழிவிட்டார்கள்.

பன்னிரண்டு எருதுகளின் முதுகில் நிற்கும் அந்தத் தொட்டிக்குள் படியிறங்கினேன். ஞானஸ்நானம் கொடுத்தவர் நரைத்த தலையுடைய பிலிப்பினோ சகோதரர். திரையில் தெரிந்த பெயரைப் பார்த்துத் தயங்கி, என்னைச் சொல்லச் சொல்லி, உதட்டுக்குள்ளேயே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். 2019-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு பெண்களும் சாட்சியாக நிற்கலாம் என்பதால், என் துணையே தொட்டியின் விளிம்பில் சாட்சியாக நின்றாள். அவர் வலக்கையை உயர்த்தினார். மரித்துப்போன அம்மாயிக்காகவும் அவர் சார்பாகவும் என்று சொல்லி என்னை நீருக்குள் சாய்த்தார். எழுந்து கண்ணைத் துடைத்தால், துணை தலையை ஆட்டி என் தோளுக்குப் பின்னால் கைகாட்டுகிறாள். என் பின்னலின் நுனி தண்ணீருக்கு மேலேயே மிதந்துவிட்டதாம். ஒரு முடியும் வெளியே நிற்கக் கூடாது. மறுபடியும் செய்ய வேண்டும்.

பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் நான் திமிற, இழுத்துப் பிடித்து எண்ணெய் வைத்து அம்மாயி பின்னிவிட்ட தலைமுடி அது. இரண்டாம் முறை அந்தச் சகோதரர் பின்னலை என் கையிலேயே கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இந்த முறை பெயர் தடங்கலில்லாமல், தாராபுரத்தில் யாரோ திண்ணையிலிருந்து கூப்பிடுவதுபோலவே வந்தது. நீருக்குள் போன அந்தக் கணத்தில் என் கையைப் பற்றியிருந்தது யார் கை என்று கேட்டால், கண்ணால் கண்ட பதில் என்னிடம் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும். எழுந்தபோது துணை சரி என்று தலையை அசைத்துக்கொண்டே அழுதாள். அந்தச் சகோதரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது தொட்டித் தண்ணீராகவும் இருக்கலாம்.

பிதாவே, உமக்கு ஸ்தோத்திரம். வழிவிட்ட அந்தப் பிள்ளைகளுக்காக, பெயர் கற்றுக்கொண்ட அந்தப் பெரியவருக்காக, மிதந்த பின்னலைக் கண்ட துணையின் கண்ணுக்காக, அம்மா மிதித்த தையல் மெஷினுக்காக, பணத்தோடு ஓடிய தரகரையும் மீறி வந்து சேர்ந்த பாஸ்போர்ட்டுக்காக, எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம். இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் அன்று அம்மாயி தண்ணீருக்குள் இறங்கியிருக்க முடியாது.

அந்த வார அழைப்பில் அம்மா முதலில் கேட்டது, "தண்ணி சில்லுன்னு இருந்துச்சா?" என்பதுதான், அம்மாயிக்குக் குளிர் ஆகாது. வெதுவெதுப்பாக இருந்தது என்றேன். சற்று நேரம் பேச்சே வரவில்லை. பிறகு, முத்திரிக்கும் நியமத்தைத் தானே செய்யப்போவதாகச் சொன்னார். 2018-இல் அறிவிக்கப்பட்டு 2020 டிசம்பரில் பூமி தோண்டப்பட்ட பெங்களூரு ஆலயம் அப்போது எழும்பிக்கொண்டிருந்தது. கோவையிலிருந்து காலையில் ரயிலேறினால் மதியத்துக்குள் போய்விடலாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம், தரகரும் வேண்டாம் என்று அம்மா கணக்குப் போட்டு வைத்திருந்தார். அதற்குள் இன்னொரு பெயரும் கையில் வந்திருந்தது. அம்மாயியின் தங்கை பெயர். அவருக்கு 110 ஆண்டுகள் ஆகாததால் அவருடைய மகன், தாராபுரத்து மாமா, சம்மதிக்க வேண்டும். அவர் லேசில் மசிகிற ஆள் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸேறிப் போய்ப் பேசிவிட்டு வருவதாக அம்மா சொன்னார். அதற்கும் சேர்த்து ஜெபிக்கச் சொன்னார்.