சித்திர அறைத் தபாலட்டை

எங்கள் பள்ளிக்கூடச் சித்திர அறை அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்த பிரெஞ்சுத் தபாலட்டை பலருக்கு நினைவிருக்கும். வெள்ளைத் தலைத்துணி, காதில் பொன் வளையம், எம்மை நேரே பார்க்கும் கறுத்த முகம். கீழ்ப்பாதியை ரீச்சர் கடதாசி ஒட்டி மறைத்திருந்தார். "ஆர் ரீச்சர் இது?" என்று கேட்டால், "கீறினவவின்ர பேர் தெரியும், இருக்கிறவவின்ர பேர் தெரியாது" என்பார்.

கீறியவர் பிரெஞ்சு ஓவியர் மரி கியேமின் பெனுவா (1768–1826). 1800இல் பாரிஸில் சலோன் என்ற ஓவியக் கண்காட்சியில் வைத்த எண்ணெய் வர்ண ஓவியம், 81க்கு 65 சென்ரிமீற்றர். இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ரீச்சர் அதை ஒட்டியது வரலாறு சொல்ல அல்ல, எங்கள் வர்ணப்பெட்டிக்காக. முகம் கீறு என்றால் வெள்ளையும் சிவப்பும் குழைத்து, வகுப்பில் ஒருவருக்கும் இல்லாத றோஸ் நிற முகங்களைக் கீறுவோம்.

அந்தப் படத்தைப் பார்த்துக் கீற, 25க்கு 20 சென்ரிமீற்றர் சட்டம் போட்டு, 5 சென்ரிமீற்றர்க் கட்டங்கள் இருபது கீறச் சொல்வார். மூலப்படத்தின் அளவுவிகிதம் ஏறத்தாழ அதுதான். முதலில் பின்னணி, அடுத்தது துணி, கடைசியில்தான் முகம். வெறும் வெள்ளைத் தாளில் எந்தக் கபில நிறமும் அளவுக்கு மீறிக் கடுமையாகத் தெரியும். பயந்து மெல்லிசாகப் பூசினால், மற்றவை நிரம்பியதும் முகம் வெளிறி நிற்கும்.

போஸ்டர் கலரில் கபிலம் 2 பங்கு, சிவப்பும் மஞ்சட்காவியும் அரை அரைப் பங்கு: இது நடுநிறம். நிழலுக்குக் கறுப்புத் தொடக்கூடாது. மஞ்சளோடு சேர்ந்து பாசி பிடித்ததுபோல் பச்சையடிக்கும். நீலத்தைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். வெளிச்சத்துக்கு வெள்ளை கலந்தால் திருநீறு பூசிய முகம்தான். நெற்றிக்கும் கன்னமேட்டுக்கும் காவியைக் கூட்டினால் போதும். மூக்குநுனியிலும் கீழுதட்டிலும் மட்டும் நீலச்சாம்பலில் ஒவ்வொரு பொட்டு. அது தோலின் நிறமல்ல, சன்னல் வெளிச்சம். கடும் நிறங்கள் காய்ந்தால் வெளிறும் என்பதால் ஒவ்வொரு கலவையையும் துண்டுக் கடதாசியில் காயவிட்டுப் பார்ப்போம்.

மறைத்த பாதியில் இருந்தவை திறந்த மார்பு, இடையில் சிவப்பு நாடா, கதிரையில் நீலச் சால்வை. தலைத்துணியின் வெள்ளையையும் சேர்த்தால் பிரெஞ்சுக் கொடி. 1794இல் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தான். படம் இரண்டுக்கும் நடுவில் பிறந்தது. விடுதலையின் உருவமா, உடைமையைக் காட்டும் படமா என்ற வாதம் ஓயவில்லை. இரண்டும்தான் என்பது என் எண்ணம். அந்த மார்பு அவள் கேட்டுத் திறந்ததாக இராது; பார்வை மட்டும் யாருக்கும் பணியவில்லை.

பெனுவா பிறந்த வீட்டுப் பெயரையும் கணவன் பெயரையும் சேர்த்தே கையொப்பமிட்டிருக்கிறார். படத்தில் இருந்தவளுக்கோ பெயரில்லை; 'ஒரு நீக்ரோப் பெண்' என்பதே தலைப்பு. 2019இல் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகக் கண்காட்சி அதை 'மட்லேனின் உருவப்படம்' என்று மாற்றி வைத்தது. மட்லேன் கரிபியனிலுள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பைச் சேர்ந்தவள், பெனுவாவின் கணவனுடைய சகோதரர் வீட்டுப் பணிப்பெண்.

சித்திர அறைக்குப் புதுப் படங்கள் அனுப்பப் பழைய மாணவர் சங்கம் யோசிக்கிறது என்று கேள்வி. இதையும் அனுப்புவதானால் முழுப்படமாக, மட்லேன் என்ற பெயரோடு அச்சடித்து அனுப்புங்கள்.