வேலூர் வெயிலும் ஜீரோ ட்வென்ட்டியும்

நேத்து காருக்கு ஆயில் மாத்தப் போனோம். கிளம்பினது நான் மட்டும்தான். வண்டியை கேட் தாண்டி எடுக்கறதுக்குள்ள நைனா முன் சீட்டுல உக்காந்துட்டாரு. மடியில ஒரு டப்பா. பரண்ல அம்பாசிடர் காலத்துல இருந்து கிடந்த 20டபிள்யூ-40, கெட்டியான ரக இன்ஜின் ஆயில். வண்டியை வித்து எத்தனையோ வருஷம் ஆச்சு, ஆயில் மட்டும் சொத்துல பாக்கி. "காசு குடுத்து வாங்கினது. சீல் கூட ஒடைக்கல"ன்னாரு. டப்பா மேல எஸ்எஃப்னு போட்டிருந்தது. அமெரிக்காக்காரன் 1980கள்ல ஓடின வண்டிங்களுக்கு வெச்ச தரம் அது. இப்போ எஸ்க்யூ வரைக்கும் வந்தாச்சு. சொன்னேன். "அப்போ பழசுதான் ஸ்ட்ராங்கு"ன்னாரு.

ஆற்காடு ரோட்டுல நம்ம மெக்கானிக் பாய் கடை. நான் வாங்கிட்டுப் போன 0டபிள்யூ-20, அதாவது லேசான ரக ஆயில் கேனை பாய் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாத்தாரு. உள்ள சளக்கு சளக்குன்னுச்சு. முகம் மாறிடுச்சு.

"தம்பி, இன்னாது இது தண்ணியாட்டம் கீது? நம்ம ஊரு வெயிலுக்கு நிக்குமா?"

முடிஞ்சுது கதை. நைனா டப்பாவைத் தூக்கி டூல்ஸ் பெட்டி மேல வெச்சாரு.

வெயில்னு வந்துட்டா எங்க ஊர்க்காரங்க கிட்ட பேச முடியாது. ஜலகண்டேஸ்வரர் கோயில்ல 1981 வரைக்கும் சாமி இல்லாம இருந்ததைச் சொல்லுங்க, சிரிப்பாங்க. பாலாத்துல தண்ணி இல்லன்னு சொல்லுங்க, அவங்களே கூட ரெண்டு சேத்து சொல்லுவாங்க. வெயிலைக் குறைச்சு ஒரு வார்த்தை சொன்னா மட்டும் சண்டை. கத்திரி ஆரம்பிச்சதும் நைனா காலைல பேப்பரைப் பிரிச்சு நேரா வெப்பநிலைப் பட்டியலுக்குத்தான் போவாரு. வேலூர் முதல்ல இருந்தா ரெண்டாவது காப்பி. கரூர் பரமத்தி முந்திட்டா "அங்க மெஷினு சரியில்ல"ம்பாரு. திருத்தணி முந்தின அன்னிக்கு வீட்டுல யாரும் பேசிக்க மாட்டோம். பக்கத்து ஊருகிட்ட தோத்தா தாங்கறதில்ல மனுஷனுக்கு.

இவர்கிட்டதான் நான் சொல்லணும்: "நைனா, இன்ஜினுக்கு நம்ம வெயில் எல்லாம் ஒரு விஷயமே இல்ல."

சொன்னேன். கோட்டையை எழுதிக் குடுத்துட்டு வந்தவனைப் பாக்கறாப்ல பாத்தாரு.

வெளிய 108 டிகிரி ஃபாரன்ஹீட்னா செல்சியஸ்ல 42. வண்டி ஓட ஆரம்பிச்சா தெர்மோஸ்டாட் கூலன்ட்டை 90 டிகிரி பக்கத்துல நிறுத்தி வெக்குது. ஆயில் 100ஐ ஒட்டி நிக்குது. ஊட்டியில ஓட்டினாலும் அதே கதைதான். கிரீன் சர்க்கிள் டிராபிக்ல மாட்டினா கொஞ்சம் ஏறும். அதையும் யோசிச்சுத்தான் வண்டி செஞ்சவன் புத்தகத்துல ஆயில் நம்பர் போடறான். ரெண்டாவது நம்பர் அந்த 100 டிகிரியில எவ்ளோ கெட்டியா இருக்கணும்ங்கற கணக்கு. முதல் நம்பர் குளிருக்கு. ஜீரோன்னா மைனஸ் 35 டிகிரியில சோதனை, இருபதுன்னா மைனஸ் 15ல. மார்கழியில 18 டிகிரிக்கே மங்கி குல்லா போடற வீட்டுக்கு ரெண்டுமே ஓவர்தான்.

இதுல பாதி சொல்றதுக்குள்ள நைனா மாமாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல விட்டாரு. மாமா ராணிப்பேட்டை பெல் (பிஎச்இஎல்) கம்பெனியில ரிட்டயர் ஆனவரு. சூடு சம்பந்தமா எதுனாலும், அம்மாவுக்கு ஜுரம் வந்தாக்கூட, கடைசித் தீர்ப்பு அவருதுதான்.

"பாய்லர் பாத்தவன்டா நானு. சூடு ஏறினா எதுவும் இளகும். இளகினதையே எடுத்து ஊத்தினா அப்புறம் இன்னா ஆவும்?"

நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கு. இந்தக் காலத்து இன்ஜின்ல பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவுல இடைவெளி ரொம்ப கம்மி. வால்வு டைமிங்கை மாத்தறதே ஆயில் பிரஷர்தான். எல்லாமே லேசான ஆயிலை மனசுல வெச்சு செஞ்சது. காலைல ஸ்டார்ட் பண்றப்போ, நம்ம ஊர்லயே கூட, ஆயில், வண்டி ஓடி சூடானப்புறம் இருக்கறதை விட பல மடங்கு கெட்டி. கெட்டி ஜாஸ்தியானா மேல ஹெட்டுக்குப் போய்ச் சேர லேட் ஆகும், தேய்மானம் அந்த நேரத்துலதான். ஜாஸ்தி கெட்டின்னா பெட்ரோலும் கூட குடிக்கும். இதைச் சொல்லிக்கினு இருக்கறப்பவே மாமா "டவர் இல்ல"ன்னு வெச்சுட்டாரு. டவர் அவரு வீட்டு மாடியிலயே இருக்கு.

நடுவுல அம்மா போன். லாங்கு பஜார்ல முள்ளு கத்திரிக்கா வாங்கிட்டு வரணுமாம். விஷயத்தைக் கேட்டுட்டு, "எந்த எண்ணெயோ ஊத்துங்க, காஞ்ச எண்ணெய் மேல புது எண்ணெய் மட்டும் ஊத்தாதீங்க"ன்னாங்க. அன்னிக்கு எங்க குடும்பத்துல இன்ஜினைப் பத்தி யாரும் மறுக்க முடியாத ஒரே பேச்சு அது. பாயே தலையாட்டினாரு.

கடைசியில பாய் துணியால ஆயில் மூடியைத் துடைச்சு, கண்ணாடி போட்டுப் பாத்தாரு. அழுக்கு போனதும் எழுத்து தெரிஞ்சுது. "நைனா, மூடியிலயே ஜீரோ ட்வென்ட்டின்னு போட்டுக்கீறான்." அவ்ளோதான், கட்சி மாறிட்டாரு. "கெட்டி ஊத்தினா காலங்காத்தால டப்பெட்டு சத்தம் வரும். அப்புறம் என்கிட்ட வந்து கத்துவாங்கோ." அரை மணி நேரமா என்னைத் திட்டினது இவருதான்னு யாரும் நம்ப மாட்டாங்க. பில்லுல அந்த அரை மணி நேரமும் லேபர்ல ஏறியிருந்துச்சு. அது தனி வயித்தெரிச்சல்.

திரும்பி வர்ற வழியில டப்பா மறுபடியும் நைனா மடியிலதான். பாலாத்துப் பாலம் வரைக்கும் வாயே திறக்கல. அப்புறம் ரோட்டைப் பாத்துக்கினே கேட்டாரு: "அப்போ அம்பாசிடருக்கு நான் ஊத்தினது தப்பாடா? லேசானதா ஊத்தியிருந்தா இன்னும் கொஞ்ச நாள் வந்திருக்குமா?"

அந்த வண்டியிலதான் எங்க எல்லாரையும் திருப்பதிக்கும், ஏலகிரி கொண்டை ஊசி வளைவு பதினாலும் ஏறியும் கூட்டிட்டுப் போனாரு. வித்த அன்னிக்கு வீட்டுக்கு வராம காட்பாடி ஸ்டேஷன்ல போய் உக்காந்திருந்தாருன்னு அம்மா சொல்லுவாங்க.

"இல்ல நைனா. அது பழைய இன்ஜின், உள்ள இடைவெளி ஜாஸ்தி. லேசானதை ஊத்தியிருந்தா பிரஷரே நின்னுருக்காது. அதுக்கு ட்வென்ட்டி ஃபார்ட்டிதான் கரெக்டு."

நிசமாவே அதுதான் உண்மை.

கொஞ்ச நேரம் டப்பாவைத் தட்டிக்கினே வந்தாரு. பாலம் இறங்கினதும் போனை எடுத்தாரு.

"மச்சான், கேட்டியா? ட்வென்ட்டி ஃபார்ட்டிதான் கரெக்டாம். பையனே ஒத்துக்கினான்."

எந்த வண்டிக்குன்னு இவரும் சொல்லல, மாமாவும் கேக்கல. டவர் நல்லாவே இருந்துச்சு.