ரேகை இல்லாத விரலும் காப்பீட்டு அட்டையும்

பதினோரு முறை. அம்மாவின் கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்து அந்தக் கண்ணாடி மேல் வைத்ததை எண்ணிக்கொண்டே நின்றேன். பன்னிரண்டாவது தடவைக்குக் கடலூரில் காப்பீட்டு அட்டை கவுன்டரில் இருந்தவருக்குப் பொறுமை இல்லை. "ரேகையே விழலம்மா, நான் என்ன பண்றது? அடுத்து யாரு?" என்றார்.

ரேகை எங்கிருந்து விழும்? பண்ருட்டிப் பக்கம் இருபத்தைந்து வருடம் முந்திரிக்கொட்டை உடைத்த கை அது. ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் கருகி, உரிந்து, மறுபடி வளர்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. எங்கள் தெருவில் பாதிப் பெண்களின் விரல் இப்படித்தான். ரேஷன் கடையில் ரேகை விழாவிட்டால் நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இது காப்பீட்டு அட்டை. குடலில் புற்றுநோய் என்று பயாப்சி ரிப்போர்ட் வந்து அன்றோடு ஒன்பது நாள் ஆகியிருந்தது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. 2009-ல் கலைஞர் பெயரில் தொடங்கியதால் ஊரில் இன்னும் "கலைஞர் கார்டு" என்றுதான் சொல்கிறார்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தகுதி இருந்தும் நாங்கள் எடுத்து வைக்கவில்லை. உடம்பு நன்றாக இருக்கும்போது அதற்காக ஒரு நாள் கூலியை யார் விடுவார்கள்? தகுதி உள்ளவர்கள் தயவுசெய்து இந்த வாரமே ஒரு நாளை விட்டுவிடுங்கள்.

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். விண்ணப்பம் போட்டது பத்து நிமிடத்தில் முடிந்தது. அது கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) கணக்கில் அப்படியே கிடந்தது. மூன்று நாள் போனேன், மூன்று நாளும் அறை பூட்டியிருந்தது. மழையில் சாய்ந்த பயிரைக் கணக்கெடுக்கப் போயிருக்கிறாராம். காலை ஏழு மணிக்கு டீக்கடையில் பார்க்கலாம் என்று தலையாரிதான் காதில் போட்டார். பார்த்தேன், விண்ணப்ப எண்ணைச் சொன்னேன். டீ ஆறுவதற்குள் செல்போனிலேயே பார்த்துவிட்டு, மதியமே மேலே அனுப்பிவிட்டார். எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள். பெயரை மட்டும் சொன்னால் யாருக்கும் தேட நேரமில்லை.

சரி, ரேகைக்கு வருவோம். விரல் ஆகாவிட்டால் ஆதாரோடு இணைத்த செல்போனுக்கு ஓ.டி.பி. அனுப்பலாம் என்று வரிசையில் நின்ற ஒரு அண்ணன் சொன்னார். கவுன்டர்காரருக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது, வாயைத் திறக்கத்தான் மனமில்லை. ஆனால் அம்மா ஆதாரில் இருந்தது இறந்துபோன அப்பாவின் நம்பர். கூப்பிட்டுப் பார்த்தேன். வேறு யாரோ எடுத்தார். அந்த சிம் இப்போது அவருடையது. முன்பின் தெரியாதவரிடம் ஓ.டி.பி. சொல்லுங்கள் என்றால் தருவாரா? மோசடி என்று நினைத்துத் திட்டிவிட்டு வைத்தார். அவர் மேல் தப்பே இல்லை.

மறுநாள் ஆதார் மையம். அங்கேயும் விரல் கேட்டார்கள், அங்கேயும் விழவில்லை. ஆனால் அந்தப் பெண் ஒரு வார்த்தை முகம் சுளிக்காமல், "பாட்டி, கண்ணை நல்லா தொறங்க" என்று கருவிழியைப் பதிந்து என் நம்பருக்கு மாற்றிக் கொடுத்தாள். நம்பர் மாற்ற வேறு காகிதம் எதுவும் கேட்கவில்லை. நான்கு நாளில் மாறிவிட்டது. மறுபடி கடலூர் பஸ். ஓ.டி.பி. என் போனுக்கே வந்தது, அட்டை கைக்கு வந்தது. அன்றைக்கும் அதே ஆள்தான் உட்கார்ந்திருந்தார். "அதான் கெடச்சிடுச்சில்ல" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

அடுத்து ஆஸ்பத்திரி. கடலூர்க்காரர்களுக்குப் பெரிய வைத்தியம் என்றாலே கால் புதுச்சேரிப் பக்கம்தான் போகும். ஆனால் அது தனி யூனியன் பிரதேசம், நம்முடையது தமிழ்நாட்டு அட்டை. அட்டை செல்லும் ஆஸ்பத்திரிப் பட்டியலில் பெயர் இருக்கிறதே என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய், டோக்கன் போட்டு, மதியம் வரை உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது: அங்கே அட்டை செல்லும், ஆனால் புற்றுநோய்க்குச் செல்லாதாம். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் எந்தெந்தப் பிரிவு என்று தனித்தனியாகத்தான் அனுமதி. இதைக் காலையிலேயே வாசலில் சொல்லியிருந்தால் அம்மா வெறும் வயிற்றோடு அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. போகும்முன் 1800 425 3993-க்குப் போன் போட்டு, நோயின் பெயரைச் சொல்லி, இந்த ஆஸ்பத்திரியில் இதற்கு உண்டா என்று கேட்டுவிடுங்கள். காசு இல்லாத நம்பர்.

இரண்டாவது ஆஸ்பத்திரியில் அட்டை செல்லும் என்றார்கள், கூடவே பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டச் சொன்னார்கள். கம்மலை அடகு வைக்கலாமா என்று அம்மா கேட்டாள். அதே நம்பருக்கு, பில் கவுன்டர் பக்கத்திலேயே நின்று, கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். அட்டையில் சேர்ந்த சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது என்றார்கள். நான் போனை வைப்பதற்குள் காப்பீட்டு அறையிலிருந்து ஒருவர் வந்து, "தப்பா சொல்லிட்டாங்க, நீங்க அட்மிஷன் போடுங்க" என்றார். எனக்கு இதில் கிடைத்த ஒரே பெரிய சந்தோஷம் அதுதான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அப்புறம் எட்டு கீமோ, மூன்று வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் புதிதாக அனுமதி கேட்டு அனுப்புகிறார்கள். மூன்றாவது கீமோ ஒரு நாள் தள்ளிப்போனது. ஆதாரில் அம்மா பெயரில் ஆங்கில எழுத்து 'எச்' ஒன்று இருக்கிறது, பயாப்சி ரிப்போர்ட்டில் இல்லை, அதனால்தான். முதல் ரிப்போர்ட் வாங்கும்போதே எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட வேண்டும். ரத்தப் பரிசோதனையையும் இரண்டு நாள் முன்பே எடுத்துக் கொடுத்துவிட்டால் அனுமதி ஊசி நாளன்று தொங்காது. நடுவில் சென்னையில் ஒரு டாக்டரிடம் காட்டப் போனபோது ரயில்வே சலுகை கை கொடுத்தது. ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிய படிவத்தைக் கவுன்டரில் கொடுத்தால் ஸ்லீப்பரில் நோயாளிக்கு டிக்கெட் காசே இல்லை, கூட வருபவருக்குக் கால் பங்குதான்.

கீமோவோடு கேபசிடபின் மாத்திரையும் கொடுத்தார்கள். அது உள்ளங்கையையும் காலையும் சிவக்க வைத்து உரிக்கும், விரல் ரேகைகூட அழியலாம் என்று டாக்டர் எச்சரித்தார். அம்மா கையை விரித்துப் பார்த்துவிட்டு, "அழிக்க இன்னும் என்ன இருக்கு?" என்றாள். டாக்டரே சிரித்துவிட்டார்.

எட்டாவதும் போன மாதம் முடிந்தது. எங்கள் ரேஷன் கடையில் இப்போது கண் பார்க்கும் கருவி வைத்திருக்கிறார்கள். நேற்று அரிசி வாங்கப் போனோம். கடைக்காரர் பழக்கத்தில் விரல் வைக்கும் கருவியை நகர்த்தினார். அம்மா கையை நீட்டவே இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேராகக் கண்ணைக் காட்டினாள்.