குடலில் கட்டி, கல்லீரலில் புள்ளிகள்: எதை முதலில் தொடுவது?

அப்பாவுக்குப் பெருங்குடலின் கடைசி வளைவில் புற்றுநோய்க் கட்டி. சி.டி. ஸ்கேனில் கல்லீரலின் இரு பக்கமும் புள்ளிகள்; நோய் அங்கும் பரவியிருந்தது. முதலில் பார்த்த மருத்துவர், குடல் கட்டியை உடனே எடுத்துவிடலாம், அதற்குமுன் பெட் ஸ்கேன் (உடல் முழுதும் நோய் எங்கே பரவியிருக்கிறது என்று தேடும் படம்) வேண்டும் என்றார். வீட்டிலும் அதே பேச்சு. "வேரை விட்டுவிட்டுக் கிளைக்கு மருந்தா?" என்றார் அத்தை. ஆனால் அப்பாவுக்கு அடைப்பும் இல்லை, ரத்தப்போக்கும் இல்லை. பிறகு ஏன் இந்த அவசரம்?

பழைய ஆய்வுகளில் கட்டியை எடுத்துக்கொண்டவர்களே கூடுதல் காலம் வாழ்ந்திருந்தார்கள். அவர்களோ, அறுவையைத் தாங்குவார்கள் என்று மருத்துவர்களே பொறுக்கி எடுத்த திடமானவர்கள். அந்தக் கணக்கை எப்படி நம்புவது? ஜப்பானில் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள்; 2021இல் முடிவு வெளியானது. பரவிய நோயை வெட்டி எடுக்க முடியாத, குடல் தொந்தரவும் இல்லாத 165 பேர். கட்டியை எடுத்துவிட்டுக் கீமோ பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 25.9 மாதங்கள், கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 26.7. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களால் மூவர் இறந்தும் போனார்கள்.

இரண்டாவதாகப் பார்த்த புற்றுநோய் மருத்துவரிடம் இதைச் சொன்னேன். முகம் சுளிக்காமல் கேட்டவர், ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டார்: "வெட்டி எடுக்க முடியாது என்று உங்கள் அப்பாவுக்கு யார் சொன்னது?" உண்மைதான், கல்லீரல் அறுவை நிபுணர் யாரும் ஸ்கேனைப் பார்த்திருக்கவில்லை. கீமோவில் புள்ளிகள் சுருங்கி அவற்றை எடுக்க முடிந்தால், குடல் கட்டியையும் எடுத்தே ஆக வேண்டும். ஜப்பானிய ஆய்வு அந்த நிலைக்குப் பொருந்தாது.

பெட் ஸ்கேன்? கனடாவில் கல்லீரல் அறுவைக்குத் தகுதியான 404 பேரை வைத்து நடந்த ஆய்வு 2014இல் வந்தது. பெட் எடுத்தவர்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கே அறுவைத் திட்டம் மாறியது, ஆயுள் கூடவில்லை. கல்லீரல் எம்.ஆர்.ஐ. பற்றி ஐரோப்பாவில் 298 பேரிடம் நடந்த ஆய்விலோ (2024) 31 சதவீதத்தினருக்குத் திட்டம் மாறியிருந்தது. எம்.ஆர்.ஐ.யையே எடுத்தோம். சி.டி.யில் தெரியாத சிறு புள்ளி ஒன்று வலப்பக்கம் தெரிந்தது. கல்லீரல் நிபுணர் கதவை மூடவில்லை. கீமோவுக்குப் பிறகு மறுபடி பார்க்கலாம் என்றார்.

இப்போது கீமோ நடக்கிறது. வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாமல் போனால் நள்ளிரவானாலும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அடைப்பு வந்துவிட்டால் இந்த எண்களுக்கு அங்கே வேலையில்லை. அறுவையோ, குடலைத் திறந்து வைக்கும் குழாயான ஸ்டென்ட்டோ, உடனே செய்தாக வேண்டும்.