அடிக்கணக்கில் மட்டுமே தெரிந்த ஏரி

பிப்ரவரி 6, வியாழன்

எங்கள் வீட்டில் ராசிபலனுக்கு முன்னால் படிப்பது அணை நீர்மட்டம். பெரியாறு இத்தனை அடி, வைகை இத்தனை அடி, வரத்து, திறப்பு. அப்பா சத்தமாகப் படிப்பார், அம்மா அடுப்படியிலிருந்து "ம்" போடுவார். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கும் அந்த எண்தான் ஜாதகம். இதைக் கேட்டு நாற்பத்தாறு வயதாகிவிட்டது எனக்கு. முல்லைப் பெரியாறு அணை தேக்கிவைக்கும் அந்தத் தண்ணீரில், அதாவது தேக்கடி ஏரியில், ஒருமுறைகூடப் படகு ஏறியதில்லை. பக்கத்திலிருக்கும் குமுளிக்குக் கணக்கில்லாமல் போயிருக்கிறேன், ஏலக்காய் வாங்கி, பரோட்டா தின்று திரும்பிவிடுவேன்.

திருப்பூரிலிருந்து வந்திருக்கும் மச்சினன் தேக்கடியில் மூங்கில் தெப்பப் பயணத்துக்குப் பதிவு செய்துவிட்டான். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை. காட்டுக்குள் கூடாரம் போட்டு ராத்தங்கும் பயணத்தைத்தான் அவன் முதலில் கேட்டான். "அங்க பாத்ரூம் இருக்கா மாமா?" என்று மகள் கேட்டதோடு அது முடிந்தது.

அப்பாவையும் கூப்பிட்டேன். "வாய்க்கால்ல வர்றப்ப பாத்தாப் போதும்ப்பா" என்றார்.

பிப்ரவரி 7, வெள்ளி

லோயர் கேம்ப்பில் டீ. அணைத் தண்ணீரை மலையிலிருந்து இறக்கும் அந்த நாலு ராட்சதக் குழாய்களை மகள் இன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தாளாம். மேற்கே கடலுக்குப் போக வேண்டிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய கதையைச் சொன்னேன். 1895-ல் திறந்த அணை, கட்டிய இன்ஜினியர் பென்னிகுயிக், சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும். "பென்னிகுயிக் பேரு எங்க கிளாஸ்லயே ஒருத்தனுக்கு இருக்குப்பா" என்றாள். இந்தப் பக்கம் அது ஆச்சரியமில்லை.

காரை ஆனவாச்சாலில் விட்டுவிட்டு வனத்துறை பஸ்ஸில் படகுத்துறைக்கு. மாலைப் படகு. லைஃப் ஜாக்கெட்டை மாட்டி உட்கார்ந்தால் இறங்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. ஒருவர் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்தார், ஊழியர் போட்ட அதட்டலில் அப்படியே உட்கார்ந்தார். 2009 செப்டம்பர் 30-ல் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் செத்த ஏரி இது. அதட்டட்டும்.

தூரத்தில் காட்டுமாடுகள், ஒரு மிளா மான். இன்ஜின் சத்தத்தில் வேறு எதுவும் பக்கத்தில் நிற்காது போல. பின்வரிசையில் ஒரு குழந்தை "யானை எங்க, யானை எங்க" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே வந்தது. அணையையாவது பார்த்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அது இன்னும் வெகுதூரம் உள்ளே இருக்கிறது, சுற்றுலாப் படகு அங்கே போகாது. இத்தனை வருஷம் பேசிய அணை கண்ணில் படவே இல்லை.

பிப்ரவரி 8, சனி

கை வலிக்கிறது, ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

முதலில் முழங்கால்வரை துணி உறை கொடுத்தார்கள், அட்டைக் கடிக்கு. இந்த மாதத்தில் அட்டை குறைவுதான், இருந்தாலும் கட்டச் சொன்னார்கள். கூட வந்த வழிகாட்டிகளில் மூத்தவர் எங்கள் கம்பம் பக்கத்துக்காரர். துப்பாக்கியோடு வனக்காவலர் ஒருவர். காட்டுக்குள் நடந்து, ஏரியின் ஒரு கிளையில் தெப்பம் ஏறினோம். மூங்கில்களை வரிசையாகச் சேர்த்துக் கட்டி, மேலே மூங்கிலிலேயே இருக்கை. மூங்கில் இடுக்கில் தண்ணீர் ஏறிக் காலை நனைத்துக்கொண்டே இருந்தது. துடுப்பு ஆளுக்கொன்று. மச்சினன் முதல் பத்து நிமிஷம் ஒலிம்பிக் போட்டிக்குப் போகிறவன் மாதிரி போட்டான், அப்புறம் போட்டோ எடுக்க ஆரம்பித்துவிட்டான்.

இன்ஜின் இல்லாத தண்ணீரின் அமைதியே வேறு. நேற்று தூரத்துக் குச்சிகளாகத் தெரிந்த பட்ட மரங்கள் இன்று கைக்கெட்டும் தூரத்தில். அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது வெட்டாமல் விட்ட காடு. நூற்றுச் சொச்சம் வருஷமாக நிற்கிறது. எப்படி மக்காமல் இருக்கிறது என்று மகள் கேட்டாள். எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் பாகத்துக்குக் காற்றுப்படாது, அதனால் மக்காது. மட்டம் ஏறி இறங்கும் பாகம்தான் நனைந்து காய்ந்து தேய்கிறது. ஒரு மரத்தில் பாம்புத்தாராப் பறவை சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தது. நாங்கள் பக்கத்தில் போயும் அசையவில்லை.

பெரியவர் கண் எப்போதும் தண்ணீரில்தான். "மட்டம் இறங்க இறங்க மரமுண்டு மேல வரும். வெளிய தெரியறது பிரச்சினையில்ல, அரை அடி கீழ நிக்கிறதுதான் இடிக்கும்" என்றார். அப்பா பேப்பரில் படிக்கும் அரை அடி இங்கே வேறு ஆளுக்கு வேறு கணக்கு. கரையைப் பார்த்தேன். காடு முடியும் இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே செம்மண் பட்டை ஒன்று ஏரியைச் சுற்றி ஓடுகிறது. 152 அடிக்குக் கட்டியது, இப்போது 142 வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, நூற்றி நாலுக்குக் கீழே போனால் சுரங்கத்துக்குத் தண்ணீர் ஏறாது. எல்லா எண்ணும் அந்தச் செம்மண்ணில் எழுதியிருந்தது. மச்சினனிடம் இதைச் சொன்னேன். "மச்சான், துடுப்பப் போடுங்க" என்றான்.

மதியம் கரையில் பொட்டலச் சாப்பாடு. பெரியவர் இளவயதில் இதே பாதையில் லவங்கப்பட்டை உரிக்க ராத்திரியில் வந்தவராம். பட்டை எங்கள் ஊர்ப் பக்கம்தான் இறங்கும். பிடிபட்டு, கேஸாகி, பின்னாளில் அப்படிப்பட்டவர்களையே சேர்த்து வனத்துறை வழிகாட்டி வேலை கொடுத்திருக்கிறது. "அப்ப சத்தம் கேட்டா ஒளிவோம். இப்ப சத்தம் கேட்டா உங்களுக்குக் காட்டுறோம்" என்று சிரித்தார். காட்டவும் செய்தார். நான் வெறும் அலை என்று நினைத்தது நீர்நாய்க் கூட்டம். ஒன்று மீனைக் கடித்துக்கொண்டே எங்களைப் பார்த்தது.

திரும்பும்போது எதிர்க்காற்று. மகள்தான் அதிகம் துடுப்புப் போட்டாள். யானையைப் பார்க்கவில்லை. அதன் சாணியை மட்டும் மூன்று இடத்தில் பார்த்தோம், ஒன்றில் ஆவி பறந்தது. வனக்காவலர் அங்கே எங்களை நிற்கவிடவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

தோள்பட்டை தூக்க முடியவில்லை. மச்சினன் தைலம் தேய்த்துக்கொண்டே அடுத்த முறை கூடாரம்தான் என்கிறான். மதியத்துக்கு மேல் ஊர் திரும்பினோம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலை வழக்கம் போல. பெரியாறு எண்ணை அப்பா படித்தார். அம்மா "ம்" சொல்வதற்குள் மகள், "வெள்ளிக்கிழமை எவ்வளவு தாத்தா?" என்றாள். அவர் பழைய பேப்பரைத் தேடி எடுத்துப் பார்த்து, அரை அடி இறங்கியிருக்கிறது என்றார். அவள் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, கொஞ்சம் மடக்கி, "அப்ப அந்தப் பறவை உக்காந்திருந்த மரம் இன்னும் இவ்ளோ வெளிய வந்திருக்கும்" என்றாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தப் பறவை?"