குரு வராத ஞாயிறு

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் (ஆங்கிலிக்கன்) ஒரே குருவானவர் ஆறேழு ஆலயங்களைப் பார்ப்பது இன்று சாதாரணம். வாசல் மண்டபத்து அறிவிப்புப் பலகையே நிலைமையைச் சொல்லிவிடும்: முதல் ஞாயிறு ஒன்பதரைக்குத் திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை), மூன்றாம் ஞாயிறு பதினொரு மணிக்கு, ஐந்தாம் ஞாயிறு வந்தால் பக்கத்து ஊரில் கூட்டு ஆராதனை. கூட்டு ஆராதனைக்கு அந்த ஊர்க்காரர்கள்தான் வருவார்கள். மற்றவர்கள் அன்றைக்கு வீட்டோடு இருந்துவிடுவார்கள். பழக்கம் விட்டுப்போவது இப்படித்தான்.

குருமார் குறைந்துவிட்டார்கள் என்பது பாதிக் காரணம். மீதி, ஆராதனை முறையில் இருக்கிறது. முன்பு பல ஊர்களில் ஞாயிறு பதினொரு மணிக்குக் காலை ஜெபம்தான் முக்கிய ஆராதனை. 1930-களிலிருந்து திருவிருந்து மெல்ல அந்த இடத்துக்கு வந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அப்பத்தையும் ரசத்தையும் பிரதிஷ்டை செய்யக் குரு வேண்டுமே! அவர் வராவிட்டால் ஆலயம் பூட்டு. ஒவ்வோர் ஆலயத்திலும் ஞாயிறுதோறும் ஆராதனை நடக்கவேண்டும் என்ற விதியையும் 2019-இல் திருச்சபையின் சட்டம் இயற்றும் மன்றமான பொதுச் சினாடு தளர்த்தியது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததற்கு அது முத்திரை, அவ்வளவே.

காலை ஜெபத்துக்குக் குரு கட்டாயமில்லை. குருவின் இடம் காலியாக இருந்தால், சர்ச் வார்டன்கள் (ஆலயப் பொறுப்பைக் கவனிக்கும் சபையார்) கேட்டுக்கொண்ட தகுதியான சபையார் ஒருவர் நடத்தலாம். திருச்சபைச் சட்டமே இடம் தருகிறது. பாவமன்னிப்பு உரைப்பது மட்டும் குருவுக்கு உரியது. அந்த இடத்தில் திரித்துவ ஞாயிறுக்குப் பின்வரும் 21-ஆம் ஞாயிறின் சுருக்க ஜெபத்தைச் சொல்வது வழக்கம். இந்தத் திருச்சபையின் 1662 ஜெபப்புத்தகம் வேதாகமத்தின் 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குக் காலை, மாலை என்று பிரித்தே கொடுத்திருக்கிறது. தேதியைப் பார்த்துத் திறந்தால் போதும். பிரசங்கம் இல்லாமல் அரை மணியில் முடியும்.

காரியம் கெடுவது அவசரத்தில். சங்கீத வசனத்தின் நடுவில் இருக்கும் முக்காற்புள்ளியில் ஒரு மூச்சு நிற்கவேண்டும். நிற்காமல் ஓடினால் வந்திருக்கும் ஆறு பேரும் ஆறு பக்கம் இழுப்பார்கள். நின்றால் ஒரே குரலாகும். ஆர்கன் வாசிக்க ஆளில்லை என்று பதிவுசெய்த இசையை ஓடவிடுவது இன்னொரு தவறு. அது யாருக்காகவும் காத்திருக்காது, சுருதியும் முதியவர்களுக்கு எட்டாது. தெரிந்த பாட்டு இரண்டை வெறுங்குரலில், கீழ்ச்சுருதியில் பாடலாம்.

சபைக் கமிட்டியின் நேரமோ வேறெங்கோ போகிறது: ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் கட்டடப் பரிசோதனை அறிக்கை, கூரையில் திருட்டுப்போன ஈயத்தகடு, திருமண்டலத்துக்குக் கட்டவேண்டிய பங்குத்தொகை. மழைநீர்க் குழாய் அடைத்தால் சுவர் ஊறும். அதையும் விட்டுவிட முடியாது. ஆனாலும் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் ‘வரும் ஞாயிறு ஜெபத்தை நடத்துவது யார்?’ என்பதை முதலில் போடலாம். குழாய் இரண்டாவதாக வரட்டும்.