புல்தரைக்குப் பதிலாகப் பொடுதலை

நல்ல வெயில் விழும் இடமா? புல்லுக்குப் பதில், தரையோடு படரும் பொடுதலைக் கொடி போடலாம். வாய்க்கால் வரப்பிலேயே கிடைக்கும், விதைக்கு அலைய வேண்டாம்.

முதல் வேலை கோரையை ஒழிப்பது. மேலாகப் பிடுங்கினால் மறுபடி முளைக்கும், கிழங்கோடு எடுக்கணும். ஒரு சாண் ஆழம் கொத்தி, தண்ணீர் விட்டு, 2 வாரம் கழித்து முளைப்பதையும் எடுத்துவிடுங்கள். இதில் சோம்பல்பட்டால், பிறகு கொடிக்குள் கைவிட்டுக் கோரை பிடுங்கியே இடுப்பு ஒடியும்.

அப்புறம் சதுர அடிக்கு ஒரு கொடித்துண்டு. 4, 5 கணு இருக்கட்டும்; 2 கணு மண்ணுக்குள். வேர் கணுவில்தான் விடும். கணு மண்ணில் படியாத துண்டு காய்ந்துவிடும். 2 வாரம் தினமும் தண்ணீர், வேர் பிடித்தபின் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும்.

மாமரத்தடிக்கு ஆகாது. நிழலில் கொடி நீண்டு, இடையிடையே மண் தெரியும்.

பூத்தால் தேனீ வரும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடமென்றால் பூவை வெட்டிவிடுங்கள்.

ஓரத்தில் செங்கல் புதைத்தாலும் கொடி ஏறித் தாண்டும் (அடங்காத சாதி!). மாதம் ஒருமுறை ஓரம் வெட்டணும்.